அரசாங்கக் குருவியும் ஆளில்லாக் குரங்கும்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என்னுடைய கதிரைக்கு வந்தவள். பாடசாலைப் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கப் பலகை வைக்கப் போகிறார்களாம். ஒரு பாட்டுப்பறவையையும் ஒரு குரங்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எந்த வகுப்பு, எந்த வரிசை, அழிவு ஆபத்தில் எந்த நிலை என்று எழுத வேண்டுமாம். உலகப் பட்டியலில் ஒரு மாதிரியும் எங்கள் நாட்டுச் சட்டத்தில் அதற்கு நேர்மாறாகவும் இருக்கிறதே, எதையாவது பிழையாகப் பார்த்துவிட்டேனோ என்று கேட்டாள். பிழை இல்லை, இரண்டையும் அப்படியே எழுது, வாசிக்கிற பிள்ளைகள் எங்களைவிடக் கெட்டிக்காரர், சமாளித்துக்கொள்வார்கள் என்றேன். தொலைபேசியை வைத்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அந்தப் பலகையை நான் ஒரு தரம் நீதிமன்றச் சாட்சிக் கூண்டில் நின்று வாயால் சொல்லியிருக்கிறேன்.

காட்டுயிர்களைக் காக்கும் அரச திணைக்களத்தில் வேலை பார்த்தவள் நான். யாழ்ப்பாணத்தில் காடு எங்கே இருக்கிறது என்று சொந்தக்காரர் எல்லோரும் கேட்டார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் கேட்டார்கள். பயிற்சிக்குத் தெற்கே அனுப்பினார்கள். பாம்பைப் பிடிக்கவும், யானையின் இலத்தியைப் பார்த்து வயது சொல்லவும், லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்யவும் பழக்கினார்கள். திரும்பி வந்த எனக்கு முதலில் தந்த பொறுப்பு, அலுவலகக் கூரையில் கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டுவது.

எங்கள் மேலதிகாரி பரமானந்தம் சேர். அலுவலகத்துக்குள் செருப்பு, வெளியே இறங்கினால் சப்பாத்து. யார் எந்த முறைப்பாட்டோடு வந்தாலும் முதலில் "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு எழும்பி நின்று, சட்டப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்து, தேவாரம் படிப்பது போல உரிய பிரிவை வாசிப்பார். முப்பது வருடமாக வாசித்த பிரிவாக இருந்தாலும் புத்தகத்தைப் பார்த்துத்தான் வாசிப்பார். மனப்பாடமாகச் சொன்னால் கேட்கிறவனுக்கு அது சேரின் விருப்பமாகப் படும், பார்த்து வாசித்தால் அரசாங்கத்தின் விருப்பமாகப் படும் என்பது அவருடைய கணக்கு. யாரையும் அவர் ஏசி நான் கேட்டதில்லை. ஏச்சு வாங்கியவர்கள்கூடச் சில சமயம் வீட்டுக்குப் போன பிறகுதான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கொக்குவிலில் இருந்து ஒருவர் வந்தார். பக்கத்து வீட்டில் ஒரு குருவியைக் கூட்டில் அடைத்து வைத்திருக்கிறார்களாம். அந்தக் குருவிக்காக மனம் பொறுக்கவில்லையாம். சேர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டதில் மிச்சமும் வெளியே வந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள மதில் ஒரு சாண் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று பல வருடமாக வழக்கு நடக்கிறது. மதில் வழக்கில் போன கிழமை அவருக்குத் தோல்வி.

"மனம் எப்ப பொறுக்காமல் போனது எண்டு சட்டம் கேக்கேல்லை" என்று சேர் எனக்கு மெதுவாகச் சொன்னார். சப்பாத்தைப் போட்டார். போனோம்.

வீட்டுக்காரி புஸ்பராணி ரீச்சர். சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. காலையில் வீட்டிலேயே வகுப்பு நடத்தினார். விறாந்தையில், பழைய மின்விசிறியின் கம்பி மூடிகள் இரண்டைச் சேர்த்துக் கட்டிய ஒரு கூடு தொங்கியது. உள்ளே அந்தக் கறுப்பு வெள்ளைக் குருவி. புத்தகத்தில் குண்டுக்கரிச்சான் என்று இருக்கும். வால் நிமிர்த்தி, மார்பு கறுப்பாக, செட்டையில் வெள்ளைக் கோடு இழுத்து, விடியற்காலையில் ஊருக்கெல்லாம் கேட்கப் பாடுமே, அதுதான். இதனுடைய இடது செட்டை மட்டும் முறுக்கி, மேலே தூக்கி நின்றது. குஞ்சாக இருந்தபோது பூனை பிடித்ததாம். ரீச்சர் பூனையிடமிருந்து பறித்து, புழுப் பொறுக்கித் தீத்தி வளர்த்திருக்கிறார்.

கூட்டின் கதவு திறந்தே கிடந்தது. ரீச்சர் அதைக் காட்டினார்.

"இது நடந்து வெளியிலை போய் முத்தத்தைப் பாத்திட்டு, நடந்து உள்ளுக்கு வரும். நான் எங்கை மேனை அடைச்சு வைச்சனான்?"

சேர் புத்தகத்தை எடுத்தார். எழும்பி நிற்கத் தேவையில்லை, முதலே நின்றுகொண்டுதான் இருந்தோம். வாசித்து முடித்துச் சொன்னார்:

"திறந்த கூடும் கூடுதான் ரீச்சர். சட்டத்திலை உதுக்குப் பேர் வைச்சிருத்தல்."

"அப்ப பூனை வைச்சிருந்ததுக்குச் சட்டம் இல்லையோ?"

சேர் புத்தகத்தை மூடினார். ஆனால் அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்துப்போனது, திரும்பி வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்தபோது என் மடியில் கூடு இருந்தது.

உயிருள்ள சான்றுப்பொருளைக் கைப்பற்றுவதற்கு ஒரு முறை உண்டு. இனம், பால், உடல்நிலை, கூட்டின் அளவு எல்லாம் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வாங்கி, கதவை நூலால் கட்டி, அரக்கு முத்திரை வைக்க வேண்டும். நீதிமன்றத்தில் முத்திரை உடையாமல் இருக்க வேண்டும். அந்த முறையை எழுதியவர் துப்பாக்கிகளையும் மான் இறைச்சியையும் நினைத்து எழுதியிருக்கிறார். குருவிக்குப் பசிக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. வழக்கோ திங்கட்கிழமை. அந்தச் சனியும் ஞாயிறும் நான் அலுவலக வளவில் வெட்டுக்கிளி பிடித்தேன். கம்பி இடைவெளியால் குச்சியில் குத்தி நீட்டினேன். மருந்து ஏற்றும் ஊசிக்குழாயால் தண்ணீர் துளித்துளியாக விட்டேன். அரசாங்கத்தின் முத்திரைக்கு ஒரு கீறலும் விழவில்லை. குருவி வெட்டுக்கிளியைத் தின்றது, தண்ணீரைக் குடித்தது. ஆனால் வாய் திறந்து ஒரு சத்தம் போடவில்லை.

குருவி எங்களிடம் வந்த அதே வெள்ளிக்கிழமை பின்னேரம் குரங்கும் வந்தது.

நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் கணேசலிங்கம் அண்ணை ஒரு கிழமையாகத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தனிக் குரங்கு தோட்டத்துக்குள் நிற்கிறது, இதரை வாழைக் குலைகளைப் பிஞ்சிலேயே பிய்த்துப் போடுகிறது, ஒரு கடி கடித்துவிட்டு அடுத்த குலைக்குப் போகிறது என்பது அவருடைய முறைப்பாடு. எங்கள் வலிகாமப் பகுதியில் குரங்கு என்றால் அப்போதெல்லாம் புதினம். வன்னியிலிருந்து விறகு ஏற்றிவந்த லொறியில் அது வந்திருக்கலாம் என்று ஊர் சொன்னது. சேர் ஒவ்வொரு தரமும் பொறுமையாகச் சொன்னார்: செங்குரங்கு எங்கள் சட்டத்தின் பாதுகாப்பில் இல்லை, ஆகவே அதைப் பிடிக்கவோ கொண்டுபோகவோ திணைக்களத்துக்குக் கடமை இல்லை. அப்படியென்றால் நான் சுடலாமோ என்று அண்ணை கேட்டார். சேர் அதற்கும் பொறுமையாகச் சொன்னார்: இலங்கையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம், உலகப் பட்டியலில் ஆபத்துக்குள்ளானது என்று போட்டிருக்கிறார்கள், சுடாமல் இருந்தால் நல்லது.

அண்ணை சுடவில்லை. நாய்க்கூட்டுக்குள் பலாச்சுளை வைத்துப் பிடித்து, உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார். பின்னால் சைக்கிள்களில் அரைவாசி ஊர். கூட்டை இறக்கி வைத்துவிட்டுச் சேரைப் பார்த்துச் சொன்னார்:

"சட்டப்படி உங்கடை இல்லை எண்டியள். உலகத்தின்ரை எண்டும் சொன்னியள். எனக்கு உலகத்தின்ரை விலாசம் தெரியாது. உங்கடைதான் தெரியும்."

சேர் அவரைச் சாப்பிட்டாச்சோ என்று கேட்டார். அண்ணை இல்லை என்றார். எங்கள் மதியச் சாப்பாட்டில் மிஞ்சியிருந்த புட்டை இருவரும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். அண்ணை போனார், கூடு இருந்தது.

நல்ல பருத்த கடுவன். தலைமயிர் நடுவில் வகிடு எடுத்துப் பிரித்துவிட்டது போல இரண்டு பக்கமும் விழுந்திருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அரசாங்கக் கந்தோரில் காலையிலிருந்து காத்திருந்து அலுத்துப்போன ஒரு மனிதரைப் போல எங்களைப் பார்த்தது. பயிற்சிக்காலத்தில் படித்தது நினைவுக்கு வந்தது: பாலூட்டி வகுப்பு, மனிதரும் குரங்கும் ஒரே வரிசை. குருவி பறவை வகுப்பு, கிளையைக் கால்விரலால் பற்றி உட்காரும் பறவைகளின் வரிசை, அதற்குள் பாட்டுப்பறவைப் பிரிவு. குரல் எழும்பும் உறுப்பின் அமைப்பை வைத்துப் பிரித்தது அது. அந்தக் கணக்கில் காகமும் பாட்டுப்பறவைதான். பரீட்சையில் இதை எழுதியபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை, புள்ளி மட்டும் வந்தது.

திங்கட்கிழமை குரங்கைப் பார்த்துக்கொள்ள அலுவலகத்தில் ஆள் இல்லை. சேர் ஒரு முடிவு எடுத்தார். வன்னிப் பக்கம் காடு பார்க்கும் உத்தியோகத்தரோடு கதைத்து அனுமதி வாங்கியிருந்தார். நீதிமன்றம் முடிந்த கையோடு அங்கே கொண்டுபோய் விடுவது. ஆகவே ஜீப்பின் பின்பக்கம் குரங்கு, முன்பக்கம் என் மடியில் முத்திரையிட்ட குருவி.

நீதவான் ஒரு பெண். நடுவயது, குறைவாகக் கதைப்பவர். ரீச்சர் சட்டத்தரணி வைக்கவில்லை. கூண்டில் நின்று, வைத்திருந்தது உண்மை, அது சாகக் கூடாது என்று வைத்திருந்தேன் என்று மட்டும் சொன்னார். பிறகு நீதவான் என்னைக் கேட்டார், இது அழிந்து வரும் பறவையா என்று. இல்லை, உலகப் பட்டியலில் கவலை மிகக் குறைந்த இனம் என்றேன். அப்படியென்றால் ஏன் இங்கே கொண்டுவந்தீர்கள் என்றார். எங்கள் சட்டத்தில் காகம் போன்ற சிலதைத் தவிர மற்ற எல்லாப் பறவைகளும் பாதுகாக்கப்பட்டவை என்றேன்.

"வெளியில் உங்கள் வாகனத்தில் ஒரு குரங்கு இருப்பதாகப் பொலிசார் சொல்கிறார்கள். அதற்கும் வழக்கா?"

"இல்லை, அம்மணி. அது சட்டத்தின் பாதுகாப்பில் இல்லை."

"உலகப் பட்டியலில்?"

"ஆபத்துக்குள்ளான இனம்."

நீதவான் பேனையைக் கீழே வைத்தார். நீதிமன்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை, ஆனால் எல்லோரும் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். நான் பரமானந்தம் சேரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாட்சிக்கு வந்திருந்த மிருக வைத்தியர் செட்டையைப் பார்த்து, எலும்பு முறுக்கியபடியே பொருந்திவிட்டது, வெளியே விட்டால் ஒரு கிழமையும் தாங்காது என்று சொன்னார். பறவைகளைப் பராமரிக்கும் இடம் தெற்கே தூரத்தில் இருந்தது. பயணத்தில் செத்துப்போகும் என்றும் அவரே சொன்னார். எங்கள் அலுவலகத்தில் பறவை வைத்துப் பராமரிக்க இடம் இல்லை. அப்போது சேர் எழும்பி, பணிவாக ஒரு யோசனை சொன்னார். குருவி திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கட்டும். பராமரிப்பாளராக இந்த அம்மாவை நீதிமன்றம் நியமிக்கலாம். எங்கள் உத்தியோகத்தர் மாதம் தோறும் போய்ப் பார்த்து அறிக்கை தருவார்.

நீதவான் ரீச்சரைக் கடுமையாக எச்சரித்தார். பிறகு குருவியை அவரிடமே கொடுத்தார். முத்திரையை நான் உடைத்தேன். அந்த அரக்கு அவ்வளவு நேரமும் உடையாமல் இருந்ததை ஒருவரும் பாராட்டவில்லை.

அன்று மத்தியானமே ஆனையிறவு தாண்டி வன்னிக்குப் போனோம். காட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை வாயிலில் ஊர்ச்சனம் கூடி நின்றது. ஜீப்பில் கூடு வருகிறது என்று யார் சொன்னார்களோ தெரியாது. கச்சான் கடலைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெண், களைக்கொத்தியும் கையுமாக, ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றார்.

"யாழ்ப்பாணத்தான்ரை வாழையைத் திண்ட குரங்கை எங்கடை கச்சானுக்குள்ளை விடப்போறியளோ? போரிலை நாங்கள் துலைச்சது காணாதோ?"

சேர் இறங்கினார். புத்தகத்தை எடுக்கவில்லை. அது ஆசனத்தில் கிடந்தது. வெறும் கையோடு அந்த வெயிலில் நின்று, அந்தப் பெண் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். எந்தப் பக்கத்திலிருந்து குரங்கு வருகிறது, எந்தப் பருவத்தில், எவ்வளவு அழிவு என்று விசாரித்தார். அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். கடைசியில் சொன்னார்: "நீங்கள் சொல்லுறது சரி அம்மா. இதை உங்கடை பக்கத்திலை விடேல்லை. குளத்துக்கு அங்காலை, காட்டுக்கு நடுவிலை விடுறம். நம்பாட்டில் ஒராள் எங்களோடை வாங்கோ." அந்தப் பெண் யோசித்தார். பிறகு களைக்கொத்தியோடு ஜீப்பில் ஏறினார்.

வாகனம் போகக்கூடிய இடம் வரை போய், அதற்கு அப்பால் கூட்டைக் காவிக்கொண்டு நடந்தோம். ஒரு பக்கம் நானும் சாரதியும், மறுபக்கம் சேரும் அந்தப் பெண்ணும். சப்பாத்து முழுக்கச் சேறு. கூட்டைத் திறந்தபோது குரங்கு வெளியே வரவில்லை. உள்ளேயே இருந்து எங்களைப் பார்த்தது. நெடுநேரம் நின்றோம். அது ஒரு தரம் தலையை வெளியே நீட்டி, காட்டைப் பார்த்துவிட்டு, உள்ளே இழுத்துக்கொண்டது. எங்கோ ஒரு லொறியில் ஏறியதைத் தவிர அது செய்த குற்றம் ஒன்றும் இல்லை. கடைசியில் அந்தப் பெண்தான் முந்தானையில் முடிந்திருந்த கச்சான் கொஞ்சத்தை எடுத்து, மர அடியில் எறிந்தார். குரங்கு போய் அதைப் பொறுக்கியது. பொறுக்கிக்கொண்டே மரத்தில் ஏறியது. பிறகு காணவில்லை.

"இவ்வளவும் செய்து கடைசியிலை என்ரை கச்சானைத்தானே குடுத்தது" என்று திரும்பும் வழியில் அவர் சொன்னார். சேர் அதற்கு மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தக் கடுவன் பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. தனியாக விட்ட கடுவனை வேறு கூட்டம் இலகுவில் சேர்க்காது. ஆனால் சில வருடத்துக்குள் வன்னிக்கும் எங்களுக்கும் நடுவே உள்ள தென்மராட்சிப் பக்கம் கூட்டம் கூட்டமாகக் குரங்கு வந்துவிட்டது. கணேசலிங்கம் அண்ணை தொலைபேசி எடுத்து, நாங்கள் கொண்டுபோய் விட்டது சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது என்றார். அவரை மறுத்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

கொக்குவிலுக்கு மாதம் தோறும் போனேன். குருவி திரும்பவும் பாடத் தொடங்கியிருந்தது. காலை வகுப்பில் பிள்ளைகள் சரளிவரிசை படிக்கும்போது, அவர்கள் மூச்சு விடும் இடமாகப் பார்த்து உள்ளே புகுந்துகொள்ளும். மதில்காரர் ஒரு நாள் என்னை வழியில் மறித்து, அரசாங்கக் குருவியின் சத்தத்தால் தனக்கு நித்திரை இல்லை என்றார். சேரிடம் சொன்னேன். எழுத்தில் தரச் சொல்லுங்கோ, குருவிக்கு அழைப்பாணை அனுப்புவம் என்றார். மதில்காரர் எழுதித் தரவில்லை.

ரீச்சரின் மகள் கனடாவில் இருந்தாள். தாயைக் கூப்பிட எல்லா ஒழுங்கும் செய்து, வீட்டை விற்கச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ரீச்சருக்குப் போக விருப்பம் இல்லை. ஆனால் மகளிடம் மாட்டேன் என்று சொல்ல வாயும் வரவில்லை. வழக்கு வந்த பிறகு அவருக்கு அது சுலபமாகிவிட்டது. நீதிமன்றம் என்னைப் பராமரிப்பாளராகப் போட்டிருக்கிறது, விட்டிட்டு வர ஏலாது, அரசாங்கப் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். மகள் அங்கே ஒரு சட்டத்தரணியிடமும் கேட்டிருக்கிறாள். அவர் அப்படி ஒரு வழக்கைக் கேள்விப்பட்டதில்லை, ஆனால் நீதிமன்றக் கட்டளையை மீறவேண்டாம் என்றாராம்.

பரமானந்தம் சேர் ஓய்வு பெற்றுப்போனார். நானும் ஓய்வை அண்டிய ஒரு காலை, ரீச்சர் தொலைபேசி எடுத்து, குருவி செத்துப்போச்சு என்று சொன்னார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. முறைப்படி உடலைப் பொறுப்பெடுத்து, பரிசோதனைக்கு அனுப்பி, நீதிமன்றத்துக்கு அறிவித்து, வழக்கை முடிக்க வேண்டும். ஐஸ் பெட்டியோடு போனேன். ரீச்சர் அதை ஒரு வெள்ளைக் கைலேஞ்சியில் சுற்றி வைத்திருந்தார். அன்று வகுப்பு இல்லை. இருவரும் விறாந்தையில் இருந்தோம்.

அந்த நேரம் பார்த்து மகள் தொலைபேசியில் வந்தாள். ரீச்சர் என்னைப் பார்த்தார். எடுத்தார். சுகம் விசாரித்தார்கள். வெளியே மின்கம்பியில் வந்து உட்கார்ந்த ஒரு காட்டுக் கரிச்சான், யாருடைய பொறுப்பிலும் இல்லாதது, தொண்டை புடைக்கப் பாடத் தொடங்கியது. குருவி இண்டைக்கு நல்லாப் பாடுது என்று மகள் சொல்வது எனக்கும் கேட்டது. ஓம் என்றார் ரீச்சர். கந்தோர் மிஸ் வந்திருக்கிறா, பாக்கிறதுக்கு என்றார். மகள் என்னோடு கதைக்க வேண்டும் என்றாள்.

"மிஸ், உண்மையைச் சொல்லுங்கோ. உந்தக் குருவி இன்னும் எவ்வளவு காலத்துக்கு இருக்கும்?"

ஐஸ் பெட்டி என் காலடியில் இருந்தது. ரீச்சர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அரச சேவையில் பொய் சொல்லக் கூடாது. நான் சொல்லவும் இல்லை.

"உந்த இனத்துக்கு இப்போதைக்கு ஒரு ஆபத்தும் இல்லைப் பிள்ளை" என்றேன்.